பாஸ் என்றால் பதிவா, அனுமதியா? மென்பொருள் திரைக்குச் சொல் தேர்வது எப்படி

மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி மலை ஏற இரண்டு சாலைகள் உண்டு. ஒன்று பர்லியார் வழியாகக் குன்னூருக்குப் போகிறது, மற்றொன்று கோத்தகிரிக்கு. 2024 மே 7 முதல் எந்தச் சாலையில் ஏறினாலும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் தேவை என்றாயிற்று. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஒரே நாளில் தொடங்கிய முறை அது. அந்த ஆண்டு பாஸ் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கவில்லை. எத்தனை வண்டிகள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்கெடுப்பதுதான் முதல் நோக்கம். விவரத்தைக் கொடுத்தவருக்குப் பாஸ் கிடைத்தது.

2025 கோடையில் கதை வேறு. ஏப்ரல் 1 முதல் ஜூன் இறுதி வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் நீதிமன்றம் வரம்பு விதித்தது.

பெயர் மட்டும் அப்படியே இருந்தது: இ-பாஸ். முதல் ஆண்டில் அது ஒரு பதிவு, அதாவது ‘வருகிறேன்’ என்று சொல்லிவைப்பது. அடுத்த ஆண்டில் அது அனுமதி, அதாவது ‘வரலாமா’ என்று கேட்டுப் பெறுவது. சொல்லிவைப்பதைக் கல்லாறு தாண்டும் முன் ஐந்து நிமிடத்தில் கைப்பேசியிலேயே செய்துவிடலாம். அனுமதியை அப்படி நம்பிக் கிளம்ப முடியாது. ஒரே சொல்லின் கீழ் இரண்டு பொருள் ஒளிந்திருந்தால், அதைப் படிப்பவர் தமக்குப் பழகிய பொருளையே எடுத்துக்கொள்வார். மென்பொருளுக்குச் சொல் தேர்ந்தெடுப்பது ஏதோ மொழிபெயர்ப்பாளர்களின் உள்விவகாரம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு எடுத்துக்காட்டு போதும்.

(கீழே வரும் திரைகளும் செய்திகளும் விளக்கத்துக்காக இங்கே எழுதியவை. எந்த அரசுத் தளத்திலிருந்தும் எடுத்தவை அல்ல.)

திரைச்சொல் ஏன் தனி இனம்?

மென்பொருளில் நாம் பார்த்து, தொட்டு, நிரப்பி வேலை வாங்கும் பகுதிக்கு இடைமுகம் என்று பெயர். அதிலுள்ள பொத்தான், தலைப்பு, நிரப்பும் கட்டத்தின் பெயர், பிழைச் செய்தி ஆகியவற்றில் வரும் சொற்களை இந்தக் கட்டுரையில் திரைச்சொல் என்று அழைப்போம். செய்தித்தாளில் வரும் சொல்லுக்கும் இதற்கும் மூன்று வேறுபாடுகள் உண்டு.

1. திரைச்சொல்லுக்கு அக்கம்பக்கம் கிடையாது. ‘வழக்கு’ என்ற சொல் நீதிமன்றச் செய்தியில் வந்தால் ஒரு பொருள், பேச்சுமொழி பற்றிய கட்டுரையில் வந்தால் வேறு பொருள். சுற்றியுள்ள வாக்கியம் அதைச் சொல்லிவிடும். பொத்தானைச் சுற்றி வாக்கியம் இருப்பதில்லை.

2. திரைச்சொல்லைத் தொட்டால் ஏதாவது நடக்கும். புரியாத வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போவதுபோல இங்கே போக முடியாது. பணம் போகும், அல்லது முன்பதிவு போகும்.

3. திரைச்சொல் திரையோடு நிற்பதில்லை. குறுஞ்செய்தியில் வரும், உதவிப் பக்கத்தில் வரும், சோதனைச் சாவடி அறிவிப்புப் பலகையில் வரும், அங்கே நிற்கும் காவலர் வாயிலும் வரும். நான்கு இடத்திலும் நான்கு சொல் என்றால், காவலர் கேட்பது தன் கைப்பேசியில் இருப்பதைத்தானா என்று ஓட்டுநருக்குத் தெரியாது.

ஒரு சொல்லுக்கு ஆறு வேலை

கணினித் தமிழில் சொற்பஞ்சம் என்று அடிக்கடி சொல்கிறார்கள். அது பழைய குறை. கோப்பு, உலாவி, கடவுச்சொல், அமைப்புகள் எல்லாம் நிலைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. இன்றைய சிக்கல் வேறு: நல்ல சொல் ஒன்று கிடைத்ததும் அதன் தலையில் எல்லா மூட்டையையும் ஏற்றிவிடுகிறோம்.

‘பதிவு’ அப்படிச் சுமை தாங்கும் சொல். கணக்குத் தொடங்குவதும் பதிவு, அறை பிடிப்பதும் பதிவு, விடுதிக்கு வந்ததும் பேரேட்டில் பெயர் எழுதுவதும் பதிவு. சமூக ஊடகத்தில் எழுதுவது பதிவு, குரலைப் பிடித்துவைப்பது பதிவு, போதாததற்குப் பத்திரப்பதிவு வேறு.

கோத்தகிரிப் பக்கம் வீட்டோடு சேர்ந்த ஒரு தங்கும் விடுதிக்கு ஒரு செயலி இருப்பதாக வைத்துக்கொள்வோம். திருப்பூரிலிருந்து ஒருவர் அதைத் திறக்கிறார். பெயர், கைப்பேசி எண், கடவுச்சொல் கொடுக்கிறார். பச்சை நிறத்தில் செய்தி வருகிறது:

‘உங்கள் பதிவு வெற்றிகரமாக முடிந்தது.’

அறை கிடைத்துவிட்டது என்று செயலியை மூடிவிடுகிறார். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மழையில் குடும்பத்தோடு வந்து நின்றால், விடுதிக்காரரின் ஏட்டில் அவர் பெயரே இல்லை. நடந்ததெல்லாம் செயலியில் கணக்குத் தொடங்கியது மட்டுமே. இருவர் மேலும் பிழையில்லை. செய்தியை இப்படி எழுதியிருந்தால் போதும்:

‘உங்கள் கணக்குத் தயார். அறை இன்னும் முன்பதிவு ஆகவில்லை. அறை பார்க்க இங்கே தொடவும்.’

கணக்குக்குத் ‘தொடங்கு’, அறைக்கு ‘முன்பதிவு’, விடுதிக்கு வந்து சேர்ந்ததற்கு ‘வருகை’ என்று ஆளுக்கொரு சொல்லைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் ‘பதிவு’ என்ற தனிச்சொல்லையே அந்தச் செயலியில் பயன்படுத்த வேண்டியிராது.

அடுத்தது ‘இணைப்பு’. இணையத் தொடர்பும் இணைப்பு, தொட்டால் வேறு பக்கத்துக்குக் கொண்டுபோகும் சுட்டியும் இணைப்பு, மின்னஞ்சலோடு அனுப்பும் கோப்பும் இணைப்பு. ‘இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்ற செய்தி கொண்டையூசி வளைவில் சிக்னல் விட்டுவிட்டு வரும் கைப்பேசியில் தோன்றினால் எதைச் சரிபார்ப்பது? வண்டியின் ஆர்.சி. புத்தகப் படத்தைச் சரியாக ஏற்றவில்லையோ என்று அதை நான்கு முறை மறுபடி ஏற்றுவார்கள். ‘இணையம் கிடைக்கவில்லை’ என்று மூன்று சொல்லில்கூட அல்ல, இரண்டே சொல்லில் முடிகிற விஷயம்.

‘நிலுவை’ இன்னும் பொல்லாதது. அலுவலகத் தமிழில் நிலுவை என்றால் முடிவாகாமல் இருப்பது. வழக்கு நிலுவையில் இருக்கும். வீட்டுத் தமிழில் நிலுவை என்றால் கட்டாத பணம். ‘உங்கள் விண்ணப்பம் நிலுவையில் உள்ளது’ என்று படித்தவர், எங்கே எவ்வளவு கட்டுவது என்று தேடுவது இயல்பு. ‘உங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது. இன்னும் முடிவாகவில்லை. நீங்கள் இப்போது செய்ய வேண்டியது எதுவும் இல்லை’ என்று எழுதலாம். நீளம்தான். ஆனால் நிலைமையைச் சொல்லும் செய்தியில், அடுத்த அடியைப் பயனர் எடுக்க வேண்டுமா, அலுவலகம் எடுக்க வேண்டுமா என்பது தெரிந்தாக வேண்டும்.

எதிர்த்திசைக் குற்றமும் உண்டு: ஒரே செயலுக்கு மூன்று சொல். ஒரு திரையில் ‘பதிவிறக்கு’, அடுத்ததில் ‘தரவிறக்கு’, குறுஞ்செய்தியில் ‘டவுன்லோடு’. சொல் மாறினால் பொருளும் மாறியிருக்கும் என்று நினைப்பவரே கவனமாகப் படிப்பவர். அவரைத்தான் இது முதலில் ஏமாற்றுகிறது. பள்ளிக் கட்டுரையில் கூறியது கூறல் குற்றம். திரையில் அதுவே ஒழுங்கு.

ஆங்கிலத்தைவிடத் தமிழ் தெளிவாக இருக்கும் இடமும் இருக்கிறது. ‘சைன் இன்’, ‘சைன் அப்’ என்ற இரண்டில் எது புதியவருக்கு, எது பழையவருக்கு என்று ஆங்கிலம் தெரிந்தவர்களே தடுமாறுவதுண்டு. ‘உள்நுழை’, ‘கணக்குத் தொடங்கு’ என்பவற்றில் அந்தத் தடுமாற்றத்துக்கு இடமில்லை.

யார் யாரிடம் பேசுகிறார்கள்?

‘சேமி’ என்று பொத்தானில் எழுதினால் மரியாதைக் குறைவு, ‘சேமிக்கவும்’ என்று எழுத வேண்டும் என்பார்கள் சிலர். அக்கறையான கருத்துதான், ஆனால் பிழையான கணக்கு. பொத்தானை அழுத்துபவர் பயனர், ஏவப்படுவது இயந்திரம். ‘சேமி’ என்பது பயனர் இயந்திரத்துக்கு இடும் கட்டளை. இயந்திரத்துக்கு எதற்கு ‘உம்’ விகுதி?

உதவிக் குறிப்பிலும் பிழைச் செய்தியிலும் பேசுபவர் மாறுகிறார். அங்கே எழுதுபவர் பயனரிடம் பேசுகிறார். ஆகவே ‘வண்டி எண்ணை இடைவெளி விடாமல் எழுதவும்’ என்றோ ‘எழுதுங்கள்’ என்றோ வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால் கையேட்டு வாக்கியம் இப்படி அமையும்: ‘விவரங்களை நிரப்பிய பின் சேமி என்ற பொத்தானைத் தொடவும்.’ மரியாதை எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதைப் பேசுபவர் யார் என்பதே முடிவு செய்கிறது.

இதைக் கவனிக்காததால் வரும் புகழ்பெற்ற விபத்து ஒன்று. மலை ரயில் டிக்கெட்டோ விடுதி அறையோ, முன்பதிவை வேண்டாம் என்று முடிவுசெய்த ஒருவர் கீழ்க்கண்ட திரைக்கு வருகிறார்:

‘முன்பதிவை ரத்து செய்ய வேண்டுமா?’
[சரி] [ரத்து]

‘ரத்து’ என்பதைத் தொட்டால் என்ன நடக்கும்? முன்பதிவு ரத்தாகுமா, ரத்து செய்யும் எண்ணம் ரத்தாகுமா? மென்பொருள் எழுதியவரின் மனத்தில் இரண்டாவது. ரத்து செய்ய வந்தவரின் விரல் இயல்பாகப் போவதும் இரண்டாவது பொத்தானுக்குத்தான், ஆனால் முதல் பொருளில். ரத்து செய்தாயிற்று என்று நிம்மதியாகப் போய்விடுவார். கட்டணம் கழிந்த பிறகே தெரியவரும். ஆங்கிலத் திரைகளிலும் இதே குழி உண்டு. நாம் குழியையும் சேர்த்தே மொழிபெயர்த்துக்கொண்டோம்.

தீர்வு எளிது. பொத்தானில் ‘சரி’ போன்ற பொதுச்சொல் வேண்டாம். நடக்கப்போவதை அப்படியே எழுதலாம்:

[முன்பதிவை ரத்து செய்] [முன்பதிவு இருக்கட்டும்]

கேள்வியைப் படிக்காமல் பொத்தானை மட்டும் பார்ப்பவருக்கும் (நம்மில் பெரும்பாலோர்) இது புரியும்.

‘புறப்படும் நாள்’ எந்த நாள்?

மலைப்பயணப் படிவம் எதிலும் இரண்டு தேதிகள் கேட்கப்படும். ஒன்றுக்குப் ‘புறப்படும் நாள்’ என்று பெயர் வைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். சென்னையிலிருந்து வெள்ளி இரவு பத்து மணிக்கு வண்டி எடுப்பவர் மேட்டுப்பாளையம் வந்து சேர்வது சனி காலை. வீட்டிலிருந்து கிளம்புவது வெள்ளி, நீலகிரியை விட்டுக் கிளம்புவது ஞாயிறு. இரண்டுமே ‘புறப்படும் நாள்’தான். வரம்பு நாளுக்கு நாள் மாறும் முறையில் தேதி முக்கியம்: 2025 கோடையில் வார நாளுக்கும் வார இறுதிக்கும் இடையே 2,000 வண்டிகள் வேறுபாடு இருந்தது. தவறான தேதியில் எடுத்த பாஸ் சாவடியில் தகராறில்தான் முடியும்.

பேச்சில் இதற்குத் தீர்வு எப்போதோ வந்துவிட்டது. மலையில் இருப்பவர்களும் மலைக்குப் போய்வருபவர்களும் ‘மேலே போவது’, ‘கீழே இறங்குவது’ என்பார்கள். ‘மலை ஏறும் நாள்’, ‘மலை இறங்கும் நாள்’ என்று கட்டத்துக்குப் பெயர் வைத்தால் மேட்டுப்பாளையம் வழியாக வருபவருக்குத் துளியும் குழப்பம் இல்லை. ஆனால் மைசூரு பக்கமிருந்து கக்கநல்லா வழியாக வருபவர் முதுமலைக் காட்டுக்குள் நுழையும்போது ஏற்றம் ஏதும் ஏறுவதில்லை. அவர் ஏறத் தொடங்குவது பல கிலோமீட்டர் தாண்டித்தான். அவருக்கும் பொருந்த வேண்டுமானால் ‘நீலகிரிக்குள் நுழையும் நாள்’, ‘நீலகிரியைவிட்டு வெளியேறும் நாள்’ என்று எழுதலாம். அழகு கொஞ்சம் குறைவு. ஆனால் சாவடியில் சரிபார்க்கப்படுவது எதுவோ அதையே கேட்கிறது.

‘வார இறுதி’யும் இப்படியே. வெள்ளி மாலை அதில் சேருமா என்ற கேள்விக்கு அகராதியில் விடை இல்லை. திரையில் நாள்களின் பெயரையே எழுதிவிடலாம். ‘உள்ளூர் வண்டி’ என்றால் பதிவெண்ணால் உள்ளூரா, உரிமையாளர் வசிப்பதால் உள்ளூரா? டிஎன் 43 என்ற எண் நீலகிரி வண்டி என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை. கோயம்புத்தூர் எண்ணோடு குன்னூரிலேயே குடியிருக்கும் வண்டிக்காரர் எந்தக் கட்டத்தைத் தொடுவார்? விதி எதைச் சொல்கிறதோ அதைக் கட்டத்தின் பெயரே சொல்ல வேண்டும்.

ஊர்ப்பெயரும் இந்தக் கணக்கில் சேரும். ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றும் ஒரே ஊர். நீலகிரி என்பது ஒரு மாவட்டம், கொடைக்கானலோ திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஊர். ஒரே பட்டியலில் மாவட்டமும் ஊரும் அடுத்தடுத்து நின்றால், ‘நான் ஊட்டிக்குப் போகவில்லையே, கூடலூருக்குத்தானே’ என்று ஒருவர் பாஸே எடுக்காமல் கிளம்பலாம். தேடும் கட்டத்தில் ‘ஊட்டி’ என்று எழுதினாலும் ‘கூடலூர்’ என்று எழுதினாலும் ‘நீலகிரி மாவட்டம்’ வந்து நின்றால் பிரச்சினை தீர்ந்தது.

தனித்தமிழா, வழக்குச் சொல்லா?

இந்தச் சண்டை வந்தால் கூட்டம் முடியாது. இரண்டு பக்கமும் பாதி சரி என்பது என் எண்ணம். ‘கடவுச்சொல்’ புதிதாக ஆக்கிய சொல்தான்; இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எனவே ஆக்கிய சொல் ஓடாது என்பது பொய். அதே வேகத்தில் ‘பாஸ்’ என்பதைத் தமிழாக்கக் கிளம்பினால் எங்கே போய் நிற்போம் என்று பார்க்கலாம். ‘கடவுச்சீட்டு’ என்றால் வெளிநாடு போகும் பாஸ்போர்ட். ‘நுழைவுச்சீட்டு’ என்றால் தாவரவியல் பூங்காவில் வாங்குவது. ‘அனுமதிச்சீட்டு’ பொருளால் பரவாயில்லை, ஆனால் சாவடியில் யாரும் ‘அனுமதிச்சீட்டு எங்கே’ என்று கேட்கப்போவதில்லை. அறிவிப்பிலும் பேச்சிலும் செய்தியிலும் ‘இ-பாஸ்’ நிலைத்துவிட்ட பிறகு திரையில் மட்டும் வேறு சொல் வைப்பது தமிழுக்குச் செய்யும் தொண்டு ஆகாது.

வண்டி வகைப் பட்டியலும் அப்படி. ‘இலகுரக மோட்டார் வாகனம்’ சட்டத்தின் சொல். படிவத்தை நிரப்புபவர் தேடுவது கார், வேன், மினி பஸ்.

யார் படிக்கிறார்கள் என்பதும் உண்டு. நீலகிரியில் வீட்டில் படுகு பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்கள் ஏராளம். கூடலூர்ப் பக்கம் மலையாளமும் கன்னடமும் கலந்து புழங்கும். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் குடும்பங்களும் இந்த மலைகளில் இருக்கின்றன. இலங்கைத் தமிழில் ரசீதுக்குப் ‘பற்றுச்சீட்டு’ என்று பெயர். இங்கே ‘பற்று’ என்று கண்டால் வங்கிக் கணக்கில் கழித்த தொகை நினைவுக்கு வரும். இத்தனை பேருக்கும் பொதுவாக ‘ரசீது’ போதும்.

சிறிய திரையின் தொல்லை ஒன்றையும் சொல்லிவிடலாம். ‘பதிவிறக்கு’, ‘பதிவேற்று’ இரண்டும் இடம் போதாமல் வெட்டுப்பட்டால் ‘பதிவி…’, ‘பதிவே…’ என்று நிற்கும். ஓர் உயிர்க்குறிதான் வேறுபாடு. கேரட் மூட்டையைப்போல ‘ஏற்று’, ‘இறக்கு’ என்று சுருக்கலாம் என்றால், ‘ஏற்று’ ஒப்புக்கொள்வதையும் குறிக்கும். ‘படத்தை ஏற்று’ என்று பெயரையும் சேர்த்தால் ஓரளவு தப்பலாம். சின்ன அம்புக்குறியும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

கையேடு எழுதுபவரின் பங்கு

கையேடு எழுதுபவர் திரைக்குக் கட்டுப்பட்டவர். பொத்தானில் ‘முன்பதிவு செய்’ என்று இருந்தால் கையேட்டிலும் அதே எழுத்தில் வர வேண்டும். ‘அறையை உறுதிசெய்யும் விசையை அழுத்துக’ என்று இலக்கியநயம் காட்டினால், படிப்பவர் இல்லாத பொத்தானைத் தேடுவார். செயலுக்கான வினையும் கருவியைப் பொறுத்தது: சுட்டெலியில் சொடுக்குகிறோம், கைப்பேசியில் தொடுகிறோம். இரண்டிலும் ஓடும் மென்பொருளுக்கு ‘தேர்ந்தெடுக்கவும்’ என்று எழுதிவிடலாம். மைக்ரோசாப்டின் ஆங்கில நடைக் கையேடும் இதே காரணத்துக்காகக் கருவி சாராத வினையைப் பரிந்துரைக்கிறது.

திரைச்சொல்லே தவறாக இருந்தால்? கையேட்டில் அரைப்பக்கம் விளக்கம் எழுதி ஒப்பேற்றுவது வழக்கம். ஒரு பொத்தானுக்கு அரைப்பக்கம் தேவைப்பட்டால் மாற்ற வேண்டியது பொத்தானை. அதைச் சொல்லும் உரிமை எழுதுபவருக்கு வேண்டும், அதுவும் மென்பொருள் வெளிவரும் முன்பே.

அதற்கு உதவுவது ஒரு சொற்பட்டியல். சொல்லுக்குச் சொல் வைக்கும் அகராதி அதற்குப் போதாது. ஒவ்வொரு சொல்லுக்கும் குறைந்தது நான்கு விவரங்கள் வேண்டும். ‘இ-பாஸ்’ என்பதற்கு எழுதினால் இப்படி இருக்கலாம்:

1. பொருள்: குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட வண்டி நீலகிரிக்குள் நுழையத் தரப்படும் அனுமதி. அறைக்கும் பூங்காவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.
2. தவிர்க்கும் சொற்கள்: பதிவு, டோக்கன், கடவுச்சீட்டு.
3. சேரும் வினைகள்: விண்ணப்பிப்பது, கிடைப்பது, காட்டுவது.
4. வரும் இடங்கள்: படிவம், குறுஞ்செய்தி, சாவடிப் பலகை, உதவி எண்ணில் பேசுபவரின் குறிப்பு.

மூன்றாவது விவரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெயர்ச்சொல்லைச் சரியாக வைத்துவிட்டு வினையில் கோட்டைவிடுவது அங்கேதான். வரம்பில்லாத ஆண்டில் பொத்தானில் ‘பாஸ் எடு’ என்று இருந்தால் தவறில்லை. கேட்டவருக்கு எல்லாம் கிடைத்தது. வரம்பு வந்த அன்றே அது ‘பாஸுக்கு விண்ணப்பி’ என்று மாறியாக வேண்டும். ‘பாஸ்’ என்ற பெயரைத் தொடவேண்டியதில்லை. இந்த ஒரு வினை மாற்றமே, கிடைக்காமலும் போகலாம் என்பதை வண்டி எடுக்கும் முன்பே சொல்லிவிடும்.

கிடைக்காமல் போகும் அன்று வரும் திரைக்கும் சொல் வேண்டுமே. ‘கோரிக்கை நிராகரிக்கப்பட்டது’ என்றால் தன் ஆவணத்தில் ஏதோ குற்றம் என்று விண்ணப்பித்தவர் மறுபடி மறுபடி முயல்வார். இப்படி எழுதலாம்:

‘சனிக்கிழமைக்கான பாஸ்கள் முடிந்துவிட்டன. உங்கள் விவரங்களில் தவறில்லை. வேறு நாளைத் தேர்ந்தெடுக்கலாம். அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ வந்தால் பாஸ் தேவையில்லை.’